எம்.எஸ்சி. சேரும் முன் ஒரு கணக்கு

ராசிபுரம் என்றவுடன் வெளியூர்க்காரர்களுக்கு நெய் நினைவுக்கு வரும். கதை படிப்பவர்களுக்கு ஆர்.கே.நாராயணன் பெயரின் முதல் எழுத்து இந்த ஊர்தான் என்பது தெரிந்திருக்கும். ஆனால் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு நாமக்கல் மாவட்டம் என்றாலே விடுதியோடு கூடிய பள்ளிக்கூடங்கள்தான்! டாக்டர் கனவோடு எங்கெங்கிருந்தோ பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே சேர்த்தார்கள். 2017 முதல் நீட் வந்தபின் பிளஸ் டூ மதிப்பெண்ணின் மவுசு குறைந்தது. டாக்டர் ஆசை மட்டும் குறையவே இல்லை.

அந்த ஆசை நிறைவேறாத பலர் வந்து சேரும் இடம் பாராமெடிக்கல் எனப்படும் துணை மருத்துவப் படிப்புகள். டயாலிசிஸ், ரேடியாலஜி, கார்டியாக் டெக்னாலஜி, பிசிஷியன் அசிஸ்டென்ட் என்று பட்டியல் நீளமானது. மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. அது முடிந்த கையோடு வீட்டில் அடுத்த பேச்சு ஆரம்பிக்கிறது. "வெறும் பி.எஸ்சி. போதுமா? எம்.எஸ்சி.யும் முடித்துவிடு!"

எம்.எஸ்சி. படிப்பது தவறில்லை. ஆனால் எம்.பி.பி.எஸ். கிடைக்காத மனக்குறைக்கு மருந்தாக அதைப் படிப்பது தவறு. தறி ஓட்டியோ லாரி ஓட்டியோ சேர்த்த பணத்தையும், அதற்கு மேல் வங்கிக் கடனையும் விழுங்குகிற மருந்து அது.

யோசித்துப் பாருங்கள். டயாலிசிஸ் பாதியில் நோயாளிக்கு ரத்த அழுத்தம் சடாரென்று இறங்குகிறது. அந்த நிமிடத்தில் காப்பாற்றுவது டெக்னீஷியனின் அனுபவம். அந்த அனுபவம் நோயாளியின் பக்கத்தில் நின்றால்தான் வரும். 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழிலாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டமும் மணிக்கணக்கைத்தான் கேட்கிறது. டிப்ளமோ அளவிலான பணிகளுக்குக் குறைந்தது 2000 மணி நேரம், பட்டம் தேவைப்படும் பணிகளுக்குக் குறைந்தது 3600 மணி நேரப் படிப்பு வேண்டும். அரசு லேப் டெக்னீஷியன் வேலைக்கோ சான்றிதழ் அல்லது டிப்ளமோ தகுதியே அடிப்படை. எம்.எஸ்சி. முடித்தவரும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அப்படியானால் முதுகலை யாருக்குத் தேவை? கல்லூரியில் பாடம் நடத்த விரும்புபவருக்கு, ஆராய்ச்சிக்குப் போகிறவருக்குக் கட்டாயம் தேவை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளருக்கும் தேவை. ஆனால் அதற்கு இளங்கலையில் இயற்பியல் முக்கியப் பாடமாக இருக்க வேண்டும். ரேடியாலஜி படித்துவிட்டு அந்தக் கதவைத் தட்டினால் திறக்காது. இதை முதல் வருடத்திலேயே சொல்ல எத்தனை கல்லூரிகளில் ஆள் இருக்கிறது?

வெளிநாட்டு ஆசை இன்னொன்று. பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு 1965-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 1992-ல் டாக்டர் கே.எம்.செரியன் முயற்சியால் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இந்தியாவுக்கு வந்தது. அமெரிக்காவில் இன்று இது முதுகலைப் படிப்பு. ஆகவே இங்கே எம்.எஸ்சி. முடித்தால் அங்கே வேலை என்று நம்புகிறார்கள். ஆனால் அங்குள்ள தகுதித் தேர்வை, அந்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர் மட்டுமே எழுத முடியும்.

வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் முடித்துவிடலாம் என்பவர்களுக்கும் ஒரு செய்தி. ஊட்டச்சத்து, உளவியல், நுண்ணுயிரியல் போன்ற படிப்புகளை, மேற்சொன்ன சட்டத்தின் கீழ் வருவதால், தொலைதூர முறையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று 2025-ல் பல்கலைக்கழக மானியக் குழு தடுத்துவிட்டது.

எனவே பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் பட்டம் இல்லாவிட்டால் கிடைக்காத வேலை எது? இந்தக் கல்லூரியோடு நோயாளிகள் நிறைந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா? இதைப் படித்து முடித்த சீனியர்கள் இப்போது எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால், இரண்டு வருடம் வேலைக்குப் போவதே நல்லது. எந்தப் பிரிவில் கை தேறுகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். பிறகு படிக்கிற எம்.எஸ்சி.க்கு அர்த்தம் இருக்கும்.

அரசுக்கும் பொறுப்பு உண்டு. 2022-ல் நாமக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கட்டிடமும் கருவியும் வந்தால் போதாது. முதுகலை முடித்த டெக்னீஷியனுக்குத் தனிப் பதவியும் தனிச் சம்பளமும் வர வேண்டும். அதுவரை கணக்குப் போட வேண்டியவர்கள் மாணவர்களும் பெற்றவர்களும்தான். டாக்டருக்கு அடுத்த இடம் என்று இதை நினைப்பதை விட்டால், அந்தக் கணக்கு சரியாக வரும்!