பற்றிய கையினின்று விடுபடல்

சிலமலையிலும் போடிநாயக்கனூரைச் சூழ்ந்த பிற சிற்றூர்களிலும் உள்ள மாதர் பலர், பொழுது புலருமுன்னரே ஜீப்பு ஏறிப் போடிமெட்டு வழியே ஏலத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். ஜீப்பு நிற்கும் இடம் வரை இருளில் நடத்தல் வேண்டும். மலைமீதோ ஏலச்செடிகள் ஆளுயரத்தையும் கடந்து நிற்பன. அடுத்த நிரையில் காய் பறிப்பவள் கண்ணுக்குப் புலப்படாள். இவர்களை நோக்கி, 'இருளில் தனித்துச் செல்லற்க' என்று பெரியோர் கூறுகின்றனர். நல்லுரைதான். ஆயின் அதனை உலையிலிட்டால் சோறாகுமோ?

ஆதலின், கைப்பற்றி இழுப்பானிடமிருந்து விடுபடும் முறையைப் பெண்மக்கள் அனைவரும் பயிலல் வேண்டும் என்பதே எமது கருத்து. இதற்குப் பெருவலிமை வேண்டுவதில்லை. மணிக்கட்டைப் பற்றிய கையை நோக்குக. நான்கு விரல்கள் ஒருபுறம் நிற்பப் பெருவிரல் மறுபுறம் தனித்து நிற்கும். அப்பெருவிரல் விரல்நுனிகளைச் சந்திக்கும் இடமே பிடியின் வாயில். அஞ்சிப் பின்னோக்கி இழுப்பின் அவன் முழுவலியோடும் பொருதவர் ஆவோம். அங்ஙனமன்றி, ஓரடி அவனை நெருங்கி, முழங்கையை மடக்கி, மணிக்கட்டின் மெல்லிய விளிம்பை அவ்வாயிலின்பால் திருப்பி விரைந்து உருவின் பிடி நெகிழும். பின்னிருந்து இறுகத் தழுவினால், கால்களை அகற்றி உடலைத் தாழ்த்திக் குதிகாலால் அவன் புறங்காலை மிதித்தல் வேண்டும். கூந்தலைப் பற்றினால், அக்கையை நம் இருகைகளாலும் தலையோடு அழுத்திக்கொள்ளின் வலி குறையும். பின்னர் அவன் முழங்காலை உதைக்கலாம். எதிலும் உரத்த கூக்குரல் முதலாவது. விடுபட்டபின் ஓடுதலே வெற்றி. நின்று பொருதல் பேதைமை.

ஏட்டில் படித்து நீந்துதல் இயலாதவாறு போல, இதுவும் பயின்றாலன்றி வாராது. விடுதியில் யாம் இருவர் இருவராகப் பயின்ற முதல்நாளில் சிரிப்பே மிகுந்தது; பிடி ஒன்றேனும் நெகிழவில்லை. பன்முறை செய்தபின்னரே கை தானாகத் திரும்பக் கற்றது.

இது பெண்மைக்கு ஒவ்வாதது என்பார், சாந்திநிகேதனத்தை நினைப்பாராக. 1929-இல் தாகூர் ஜப்பானினின்று தகாகாகி என்னும் ஜூடோ ஆசிரியரை அங்கு வருவித்தார். மாணவியரும் அவரிடம் பயின்றனர். அதற்கு முன்னரே இலண்டன் மாநகரில், வாக்குரிமை வேண்டிப் போராடிய மாதர்க்கு ஜுஜுத்சு பயிற்றிய எடித் காரட் அம்மையார் ஐந்தடி உயரமும் இல்லாதவர். எம் நாட்டிலோ சிலம்பம் உளது. அதனை ஆடவர்க்கே உரியதெனக் கருதிய காலம் கழிந்தது.

மற்றொரு தடை சற்று வலியது: பயிற்சி அளித்தால் பழியும் பெண்ணின் தலைமேல் ஏறாதோ என்பது. ஏறும் என்றே யாமும் அஞ்சுகின்றோம். அச்சம் மிக்கவிடத்து, பயின்ற உடலும் மரம்போல் நின்றுவிடுதல் உண்டு. அவளை, 'ஏன் உதறவில்லை?' என்று வினவுதல் கொடிது. குற்றம் பற்றியவனுடையதே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா 74-ஆம் பிரிவு, பெண்ணின் மானத்தைக் குலைக்கும் கருத்தோடு அவள்மேல் வன்முறை செய்வானுக்கு 1 ஆண்டிற்குக் குறையாது 5 ஆண்டு வரை சிறை விதிக்கின்றது. தற்காத்துக்கொள்ளும் உரிமையையும் அச்சட்டமே ஏற்கின்றது. இவ்விரண்டையும் பயிற்சியோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

கல்லூரி மாணவியர் மட்டும் கற்றல் போதாது. ஆண்டுதோறும் நாட்டு நலப்பணித் திட்டத்தார் சிற்றூர்களில் முகாம் அமைக்கின்றனர். மரம் நடுகின்றனர், தெருப் பெருக்குகின்றனர். அந்நாட்களுள் ஒருமாலையை, தோட்டத்தினின்று திரும்பும் மாதர்க்கென ஒதுக்கலாகாதோ? கருவியொன்றும் வேண்டா. பள்ளி முற்றமும் ஒரு விளக்கும் போதும்.