'வரம்பற்ற' என்னும் பெயரடை

ஒரு பெயரடையையே விலைக்கு விற்கலாம் என்பதை இணைய நிறுவனங்களிடம்தான் நாம் கற்றுக்கொண்டோம். 'அன்லிமிடெட்' என்று கொட்டை எழுத்தில் விளம்பரம். அருகே ஓர் உடுக்குறி. அது காட்டும் அடிக்குறிப்பில் அந்தப் பெயரடை சத்தமின்றித் திரும்பப் பெறப்பட்டிருக்கும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி, அதன்பின் நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் 'வரம்பின்றி' என்பது கைபேசித் திட்டங்களில் நாம் நன்கறிந்த வாசகம்.

64 கிலோபிட் என்பது நொடிக்கு எட்டுக் கிலோபைட். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலிருந்து 40 எம்பி அளவுள்ள பழைய நூலொன்றை இவ்வேகத்தில் இறக்க ஒரு மணி இருபது நிமிடத்துக்கு மேலாகும், இணைப்பு இடையில் அறுந்துபோகாவிடில். 2023இல் மைய அரசு அகலப்பட்டைக்கு விதித்த குறைந்தபட்ச வேகம் 2 மெகாபிட். அதில் முப்பதில் ஒரு பங்குகூட இது இல்லை.

இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'நியாயமான பயன்பாட்டுக் கொள்கை'. அப்படியானால் அளவைத் தாண்டியவர் அநியாயக்காரர்! பணம் கட்டியவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இத்தொடரை ஆக்கியவர் மொழியின் சூட்சுமம் அறிந்தவராகத்தான் இருக்கவேண்டும்.

அலைவரிசை பலருக்கும் பொது, ஒருவரே வாரிக்கொண்டால் அடுத்தவருக்குக் கிட்டாது என்பார்கள். மாலை நேர நெரிசலில் இதற்கு உண்மை உண்டு; நாம் மறுக்கவில்லை. ஆனால் ஊர் உறங்கும் பின்னிரவு மூன்று மணிக்கும் வேகம் முடங்கிக் கிடப்பதேன்? கூடுதல் பணம் கட்டிய மறுநொடி அந்த நெரிசல் எங்கே போய் ஒளிகிறது?

கம்பிவழி இணைப்புகளில் அளவு தீர்ந்த பிறகும் வேகம் 512 கிலோபிட்டுக்குக் கீழ் இறங்கலாகாது என்று 2016இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பணித்தது. அடிக்குறிப்பு சற்றே திருந்தியது. தலைப்பு அப்படியே நிற்கிறது. அமெரிக்காவில் 'அன்லிமிடெட்' என்று விற்றுவிட்டு, இரண்டு ஜிபியிலேயே சிலருக்கு வேகத்தை ஒடுக்கியதாக ஏடி அண்ட் டி நிறுவனத்தின்மீது கூட்டாட்சி வணிக ஆணையம் 2014இல் வழக்குத் தொடுத்தது. 2019இல் ஆறு கோடி டாலருக்கு அது சமரசமாயிற்று. கட்டுப்பாடுகளைச் சிற்றெழுத்தில் ஒளிக்காமல் வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்பதும் அந்தச் சமரசத்தில் ஒரு நிபந்தனை.

இங்கே பிஸ்கட் பொட்டலத்தின்மீது நிகர எடையை அச்சிடச் சட்டம் இருக்கிறது. எத்தனை கிராம் தின்றாலும் தீராத பொட்டலம் என்று எவரும் விற்க முடியாது. நாம் கூடுதல் வேகம் கேட்கவில்லை. ஒன்றரை ஜிபி என்றால், 'ஒன்றரை ஜிபி' என்பதையே அந்தக் கொட்டை எழுத்தில் அச்சிடட்டும்.