கியர்ப்பெட்டிக்கு ஒரு கட்டம்

பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைக் கைக்கியர் வண்டியாக மாற்றுவது குறித்து எழுத இலக்கியப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். இயந்திரம் என்றாலே மனிதனை விழுங்க வந்த அரக்கன் என்று எழுதிப் பழகிய சிற்றிதழ் மரபிலிருந்து வரும் கேள்வி அது. அந்த அரக்கனைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மீண்டும் பூட்டத் தெரிந்தவனைப் பற்றி நாம் ஏறக்குறைய ஒன்றும் எழுதியதில்லை. எனவே எங்களுக்கு எழுத இருக்கிறது.

ஜவளகிரி, தளிக்கு அப்பால் கர்நாடக எல்லையை ஒட்டிய காட்டூர். பன்னேர்கட்டா வனத்திலிருந்து ஆண்டுதோறும் ராகி முற்றும் பருவத்தில் யானைக்கூட்டங்கள் இறங்கி வரும் வழி அது. அந்தச் சாலையில் பொழுது சாயும் நேரத்தில் பேட்டரி செத்த வண்டி கைக்கியர் வண்டியாக இருந்தால், இரண்டு பேர் தள்ள, இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக் அப்படிப் பிடிக்காது. எஞ்சின் ஓடினால்தான் அதன் எண்ணெய்ப் பம்பு ஓடும். பம்பு ஓடாமல் உள்ளே அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லாமல் கியர் இல்லை. இயங்கும் சக்கரங்கள் தரையில் உருளக் கயிறு கட்டி வெகுதூரம் இழுத்தாலும் உள்ளே எண்ணெய் படாமல் தேயும். பெங்களூர் நெரிசலுக்கு வரமாக இருக்கும் அதே பெட்டி இங்கே சுமையாகிறது.

'ஆண்மகன் கியர் வண்டிதான் ஓட்டுவான்' என்ற வீரப் பேச்சுக்கு நாங்கள் ஆள் இல்லை. முழங்கால் வலியோடு அத்திப்பள்ளி நெரிசலில் நிற்பவருக்கு ஆட்டோமேட்டிக் நல்லது. எங்கள் கவலை வேறு. 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் ஜென், எஸ்டீம், ஹோண்டா சிட்டி, சான்ட்ரோ ஆகியவை ஆட்டோமேட்டிக் வடிவிலும் விற்றன. கைக்கியர் வடிவத்தோடு ஒப்பிட்டால் குறைவாகவே விற்றன. இன்று அவற்றின் பெட்டி பழுதானால் பாகம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் செலவு வண்டியின் விலையைத் தாண்டும். எஞ்சின் நன்றாக இருக்கும், உடல் நன்றாக இருக்கும், வண்டி மட்டும் எடைக்குப் போகும். அதே மாடலின் கைக்கியர்ப் பெட்டியோ பழைய உதிரிபாகக் கடையில் கிடக்கிறது. அந்த உடலையும் அந்த எஞ்சினையும் அந்தப் பெட்டியையும் உற்பத்தியாளரே ஒன்றாகப் பூட்டி விற்றிருக்கிறார். வேறு எவனோ கண்டுபிடித்த கலப்பு அல்ல இது.

வேலை எளிதென்று சொல்லவில்லை. ஃப்ளெக்ஸ் பிளேட்டை எடுத்துவிட்டு ஃப்ளைவீல் வைக்க வேண்டும். இரண்டுக்கும் போல்ட்டின் நீளம் வேறு, பழையதையே திருகினால் ஒருநாள் கழன்று வரும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், மூன்றாவது பெடல், அதன் கேபிள், அச்சுத்தண்டுகள், பெட்டியைத் தாங்கும் மவுண்டுகள் எல்லாம் கைக்கியர் வண்டியிலிருந்து வர வேண்டும். கியர் நியூட்ரலில் இல்லாதபோது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிட்சை வெறும் ஒயரால் இணைத்துவிட்டு 'முடிந்தது' என்று சாவியைக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. கியரில் நிற்கும் வண்டி சாவி திருகியதும் முன்னால் பாயும். முன்னால் குழந்தை நின்றால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. அத்தகைய பட்டறைகளுக்காக நாங்கள் வாதாடவில்லை. சரியாகச் செய்பவனையும் அவர்களையும் ஒரே கோணிக்குள் போட்டுக் கட்டுவதைத்தான் எதிர்க்கிறோம்.

கட்டுவது சட்டம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு: உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றின் விவரங்களுக்கும் முரண் வரும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. சரி, பதிவுச் சான்றை எடுத்துப் பாருங்கள். எஞ்சின் எண், சேசிஸ் எண், கன அளவு, எரிபொருள், இருக்கை, நிறம் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. கியர்ப்பெட்டிக்கென்று ஒரு கட்டம் கிடையாது. மாடல் பெயரின் வாலில் 'ஏ.டி.' என்று ஒட்டியிருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. ஆக, மாற்றியவன் குற்றவாளியா இல்லையா என்பது ஒரு எழுத்தரின் பழக்கத்தைப் பொறுத்தது! விபத்து நேர்ந்தால் இழப்பீட்டை மறுக்க இந்த மங்கல் போதும் என்ற அச்சம்தான் ஒழுங்கானவனையும் ஒளிந்து வேலை செய்ய வைக்கிறது.

வண்டியின் 'தூய்மை' பற்றிப் பேசும் சேகரிப்பாளர்கள் இன்னொரு தரப்பு. இவர்களோடு வாதிடுவது சற்றே வேடிக்கையானது. ஸ்டியரிங் தண்டிலிருந்த அம்பாசிடரின் கியர்க் கம்பியைத் தரைக்கு இறக்கியதும், பெட்ரோல் எஞ்சினைத் தூக்கி டீசலை வைத்ததும் இந்நாட்டுப் பட்டறைகள் செய்த வேலைகள்தாம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கடைசிவரை ஓடிய அம்பாசிடரை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? 2014இல் வந்த செலேரியோ முதல் மலிவு விலையில் 'ஆட்டோமேட்டிக்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் என்ன? சாதாரணக் கைக்கியர்ப் பெட்டி. கிளட்சையும் கியரையும் நகர்த்த மேலே ஓர் இயந்திரக் கை. அந்தக் கையை நிறுவனம் வைத்தால் தொழில்நுட்பம், இங்கே ஒருவன் தன் கையை வைத்தால் கலப்படம்.

இதைத்தான் எங்களால் செரிக்க முடியவில்லை. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல் ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு பிசகாமல் வாகன பாகங்களைக் கடைந்து அனுப்புகிறார்கள். எட்டு மணி நேர ஷிப்டில் அந்தக் கையை நாடு நம்புகிறது. வாசலைத் தாண்டி வந்து ஒரு பழைய வண்டியைத் திறந்தால் நம்ப மறுக்கிறது.

நம்பச் சொல்லவும் இல்லை, சோதிக்கச் சொல்கிறோம். ஜெர்மனியில் வண்டியை மாற்றியவர் தகுதியுள்ள பரிசோதகரிடம் கொண்டுபோய்க் காட்டி, ஆவணத்தில் ஏற்றிக்கொள்ள வழி இருக்கிறது. நம் சட்டத்திலேயே மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்ற, பதிவு அலுவலரிடம் அனுமதி பெறும் வழி உண்டு; வானம் இடிந்துவிடவில்லை. பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ஆக்கினார்கள். அந்த வண்டியை எப்படியும் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்தாக வேண்டும். குனிந்து ஃப்ளைவீல் உறையையும், மவுண்டையும், ஸ்டார்ட்டர் தடுப்பையும் சேர்த்துப் பார்க்கட்டும். ஒழுங்காக இல்லையென்றால் திருப்பி அனுப்பட்டும். ஒழுங்காக இருந்தால், அதை எழுத ஆர்.சி.யில் ஒரு கட்டம் போடட்டும்.