அளக்காத எர்த்தும் ஒப்பமிட்ட அறிக்கையும்

மதிப்பிற்குரிய இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

மாமாங்கேஸ்வரர் ஆலயத்தால் நாடறிந்த அமிர்தகழியிலிருந்து எழுதுகிறேன். 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டம் மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைத் தங்களிடம் தந்தபோது, எங்கள் உயிர்ப் பாதுகாப்பும் தங்கள் கைக்கு வந்ததாக நம்பினோம். அந்த நம்பிக்கையில்தான் இன்றும் எழுதுகிறேன். 13 அம்பியர் சதுர முனைச் செருகியை நாட்டின் தரமாக்கினீர்கள்; நன்றி. மின்னியலாளர்களுக்கு உரிமம் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறீர்கள், அதையும் வரவேற்றோம். ஆனால் மின்சாரம் வீட்டுக்குள் நுழையும் அந்தச் சிறு பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தங்களுக்கு இன்னும் நேரம் வாய்க்கவில்லை.

தயவுசெய்து இங்கே ஒரு பெட்டியைத் திறந்து பாருங்கள். மெயின் சுவிட்ச், அடுத்து வீடு முழுவதற்கும் ஒரே ஒரு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், பிறகு நாலைந்து எம்.சி.பி. மாரி மழையில் வெளிச்சுவர் விளக்குக்குள் ஈரம் இறங்கினால் போதும், வீடே இருண்டுவிடும். பிரிட்ஜில் மீன் கெடும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை புத்தகத்தை மூடும். இப்படி இரண்டு மூன்று முறை நடந்த பிறகு வரும் வயரிங்காரர் ஈரத்தைத் தேடுவதில்லை. லைவ், நியூட்ரல் இரண்டையும் ட்ரிப் சுவிட்சிலிருந்து கழற்றி, நேரே எம்.சி.பி பக்கம் கொண்டுபோய் முறுக்கிவிடுகிறார். சுவிட்ச் அதே இடத்தில், நெம்பு மேலே தூக்கியபடி நிற்கும். வீட்டுக்காரர் காவல் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்.

எம்.சி.பி இருக்கிறதே என்பார்கள். நம் வீடுகளின் எர்த், வளவில் நாமே அறைந்த கம்பிதான். அதன் தடை 50 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ற்றில் தண்ணீர்ப் பம்பின் உடலுக்கு மின் கசிந்தால், நிலத்துக்குள் போவது 5 அம்பியரும் இல்லை. 16 அம்பியர் எம்.சி.பிக்கு அது பழுதாகவே தெரியாது. பி வகை உடனே விழ 48 முதல் 80 அம்பியர் வேண்டும். அவ்வளவு ஓடாததால் பம்பின் உடல் ஏறக்குறைய முழு மின்னழுத்தத்தோடு நிற்கும், ஈரக்காலோடு வருபவரை எதிர்நோக்கி. வயர் கழற்றப்பட்ட அந்த ட்ரிப் சுவிட்ச் ஒன்றே 0.3 செக்கனுக்குள் அதைத் துண்டித்திருக்கும். ஆவணி வெயிலில் மேல்மணல் காய எர்த்தின் தடை ஏறுகிறது. உப்புக் காற்றில் கம்பியின் கவ்வி பச்சை பிடித்து நழுவுகிறது. ஒருமுறை அளந்தது நிரந்தரமல்ல. அந்த ஒருமுறையாவது அளக்கப்படுகிறதா? என் வீட்டு மின்னிணைப்புக்கான பரிசோதனை அறிக்கையில் எர்த் தடைக்கு ஓர் இலக்கம் இருந்தது, கீழே ஒருவரின் ஒப்பமும் இருந்தது. மீட்டர் கம்பியில் வைக்கப்பட்டதை வீட்டில் எவரும் காணவில்லை.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. பம்பு, குளியலறை, வெளிவிளக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆர்.சி.பி.ஓ, அதாவது ட்ரிப் சுவிட்சும் எம்.சி.பியும் ஒன்றாக அமைந்த கருவி, வேண்டும். ஒன்று விழுந்தால் மற்றவை எரியும். கழற்றி எறியும் ஆசையும் எழாது. இது விலை கூடியது என்பதை அறிவேன். ஆகவே வசதியற்ற வீடுகளுக்குச் சலுகை தேவை. வாங்குவதிலும் வழிகாட்டல் வேண்டும். இன்வேர்ட்டர் பிரிட்ஜும் சலவை இயந்திரமும் வந்துவிட்ட வீட்டுக்குப் பழைய ஏ.சி வகை ட்ரிப் சுவிட்ச் போதாது; அவற்றின் கசிவில் கலக்கும் நேர்மின்னோட்டம் அதை விழாமல் செய்யக்கூடும். பிரித்தானிய வயரிங் விதிகள் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே அதை அத்தகைய சாதனங்களுக்கு விலக்கிவிட்டன. ஏ வகை வேண்டும் என்று தாங்கள் சொன்னால் கடைக்காரர் கேட்பார். நாங்கள் சொன்னால் கேட்பதில்லை.

எர்த் தடையும் ட்ரிப் சுவிட்ச் விழும் நேரமும் வீட்டுக்காரர் முன்னிலையில் அளக்கப்பட்டு, அந்த அளவீடுகளின் பிரதி தமிழில் அவர் கையில் தரப்பட வேண்டும். உரிமம் இல்லாதவர் பெட்டியைத் தொட முடியாத நாள் எது என்றும் அறிவியுங்கள். இவ்வளவு காலம் பொறுத்தோம். தங்கள் பணிச்சுமையை மதித்தே பொறுத்தோம். ஐப்பசியில் இடியும் மழையும் தொடங்குமுன் எழுத்தில் ஒரு திகதியைத் தாருங்கள்.

இப்படிக்கு,
அமிர்தகழி வாசி ஒருவர்