காற்று நம் வாயிலில், கரி யார் தலையில்?

திருப்பூர்ப் பின்னலாடையில் கரிக்கறை படிந்துள்ளதாம்! மேலைநாட்டு வாங்குநர் கணக்குக் கேட்கின்றனர். ஆடை ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கரிவளி, அஃதாவது கரியமில வாயு, வெளிப்பட்டது என்று எழுதித் தரவேண்டுமாம். இருநூறு ஆண்டுகள் நிலக்கரியை எரித்துக் கொழுத்த நாடுகள் கேட்கும் கேள்வி இது என்பது ஒருபுறம் இருக்கட்டும். கறை பிறந்த இடம் எது?

பின்னற்பொறி புகை கக்குவதில்லை, தையற்பொறியும் கக்குவதில்லை. அவற்றை ஓட்டும் மின்னாற்றல் பிறக்கும் உலையிலேதான் கறையும் பிறக்கிறது. 12 பங்கு கரி, 32 பங்கு உயிர்வளியோடு கூடி எரிந்து, 44 பங்கு கரிவளியாகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலோ ஏறத்தாழப் பாதி ஈரம். அந்த ஈரத்தை ஆவியாக்கவே வெப்பத்தின் ஒரு பகுதி வீணாவதால், அலகுக்கு அலகு கரிவளி மிகுகிறது. 1956-இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம் நடுவணரசின் ஆளுகையில் உள்ளது. அதன் மின்னைக் கருநாடகமும் கேரளமும் ஆந்திரமும் பங்கிட்டுக்கொள்கின்றன. சாம்பலைப் பங்கிட்டுக்கொள்ள வந்தவர் யார்?

இனித் திருப்பூரின் வாயிலைப் பாருங்கள். வைகாசி முதல் புரட்டாசி வரை, பாலைக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குக் காற்று பல்லடத்திலும் உடுமலையிலும் சுழன்றடிக்கிறது. ஆடியில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று! அதை எரிக்க வேண்டுவதில்லை. அதற்குச் சாம்பலும் இல்லை. தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. அவற்றுட் பல, நம் பஞ்சாலையாளரும் பின்னலாடையாளரும் தம் பொருளைப் போட்டு நட்டவை.

அவ்வாறிருந்தும் 2012-இல் நடந்தது என்ன? நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு. பட்டறைதோறும் டீசல் மின்னாக்கிகள் உறுமின. சிறு பட்டறைக்காரர் ஆளுக்குக் கூலி கொடுப்பாரா, எண்ணெய்க்குக் கொடுப்பாரா? கரும்புகை கூடிற்று; கூலி குறைந்தது. அதே ஆண்டுகளில், காற்று வீசிய பருவத்திலோ, மின்னைக் கடத்தக் கம்பி போதாதென்று ஓடிய காற்றாலைகளை நிறுத்திவைத்தனர்! தென்னக மின்கட்டமைப்பு வடக்கோடு ஒன்றாக இணைந்ததே 2013 திசம்பர் 31-இல்தான். தில்லியை மட்டும் குற்றஞ்சொல்லித் தப்பிக்க இயலாது. காற்றாலை நட இசைவளித்த சென்னை ஆட்சியாளரும் கம்பி இழுப்பதில் உறங்கினர். கட்சி மாறியது, உறக்கம் மாறவில்லை.

ஐப்பசியில் காற்று ஓயுமே என்பர். ஓயட்டும்! மிகுந்த மின்னால் நீரை மலைமேல் ஏற்றி, வேண்டும்போது இறக்கி மின்னெடுக்கும் 400 மெகாவாட்டு நிலையம் ஆனைமலைக் கடம்பாறையில் 1980-களிலேயே எழுந்தது. அத்தகையவற்றை மலைதோறும் எழுப்புக. கம்பிகளை இழுத்து முடிக்க நாள் குறித்து அறிவிக்க! அதுவரை, வாங்குநர் நீட்டும் கணக்குத்தாளைப் பனியன் தைக்கும் பெண்ணின்முன் வைக்காதீர். மின்வாரியத்தின் மேசையிலும் தில்லி அமைச்சகத்தின் மேசையிலும் வையுங்கள்.