பதவி விலகினால் உத்தமனா?

“சர்வாதிகாரப் பதவியைத் தானே துறந்தவன் சுல்லா, ஆகவே ரோமக் குடியரசின் காவலன்” என்கிறார்கள்.

ஒன்று: கி.மு. 88இல் ரோமானியப் படையை ரோம் மீதே ஏவியவன் யார்? அவனுக்கு முன் எவரும் துணியவில்லை.

இரண்டு: சர்வாதிகாரிக்கு மரபுப்படி ஆறு மாதமே கெடு. இவன் கெடுவே இல்லாமல் எடுத்துக்கொண்டான்.

மூன்று: கொலைப்பட்டியல். பெயரைப் பொதுவிடத்தில் எழுதி வைத்தார்கள். தலைக்குச் சன்மானம், சொத்து ஏலம், பிள்ளை பேரன்களுக்கும் பதவித் தடை. இதில் எது குடியரசு?

சரி, விலகினான். எப்போது? எதிரிகள் செத்தபின், செனட்டைத் தன் ஆட்களால் நிரப்பியபின், படைவீரர்களுக்கு இத்தாலியில் நிலம் பிடுங்கிக் கொடுத்தபின். அதற்குமேல் பட்டம் எதற்கு?

சட்டங்களாவது நின்றனவா? பொதுமக்களின் பிரதிநிதிகளான ட்ரிப்யூன்களிடம் அவன் பறித்த அதிகாரத்தைக் கி.மு. 70இல் திருப்பிக் கொடுத்தவர்கள் பாம்பேயும் கிராசஸும். இருவருமே சுல்லாவின் தளபதிகள்!