ஒடிசா ஆமையா, நம்ம ஆமையா?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன மாசியில் நம் மணப்பட்டு கடற்கரையில் செத்து ஒதுங்கிய ஒரு பங்குனி ஆமையின் படத்தைப் போட்டிருந்தேன். டிவியில் ஆலிவ் ரிட்லி என்கிறார்களே, அதுதான். படத்தின் கீழே இரண்டு பேர் எழுதியது மனதில் அப்படியே நின்றுவிட்டது. ஒருவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இப்போது விசைப்படகில் தொழிலுக்குப் போகிறான். "டீச்சர், அது ஒடிசா ஆமை. போற வழியில செத்திருக்கும். நம்ம ஊரு ஆமை இல்ல" என்று எழுதியிருந்தான். இன்னொருவர் என் சித்தப்பா மகன். "அக்கா, கடல்ல லட்சக்கணக்குல இருக்கு. இங்க ஒண்ணு போனா அங்கேருந்து ஒண்ணு வந்துடும்" என்றார். அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன், கட்டைவிரல் வலித்ததால் விட்டுவிட்டேன். இப்போது பேத்தி தட்டச்சு செய்து தருகிறாள்.

ஆமையைப் பார்த்து அது எந்த ஊர் என்று சொல்ல முடியாது. பட்டை கட்டியிருந்தால் சொல்லலாம். 2021-ல் ஒடிசாவில் எண் பொறித்த பட்டை கட்டி விட்ட ஒரு பெண் ஆமை, 2025 ஜனவரியில் மகாராஷ்டிராவில் குஹாகர் கடற்கரையில் ஏறி முட்டையிட்டது. கிழக்குக் கடலில் முட்டையிட்டது மேற்குக் கடலுக்குப் போய் முட்டையிடும் என்று யார் நினைத்தார்கள்? ஆனாலும் பட்டை என்பது ஓர் ஆமையின் கதைதான். லட்சக்கணக்கான ஆமைகளுக்குக் கட்ட முடியாது. உள்ளங்கையில் அடங்குகிற குஞ்சுக்குக் கட்டவே முடியாது.

அங்கேதான் மரபணு வருகிறது. என் மாணவர்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். பரீட்சையில் இரண்டு பேர் சரியான விடை எழுதியிருந்தால் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு தாளிலும் ஒரே தப்பு இருந்தால் தெரிந்துவிடும். ஒருமுறை 'பாண்டிச்சேரி'க்கு 'பான்டிச்சேரி' என்று வரிசையாக நான்கு பேர் எழுதி மாட்டிக்கொண்டது உங்களில் நான்கு பேருக்கு நினைவிருக்கும். பெயர் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். டி.என்.ஏ.வும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து எழுதப்படும் நோட்டுதான். எப்போதாவது ஓர் எழுத்து தப்பும். தப்பினால் அந்தத் தப்பும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகும். இரண்டு கரை ஆமைகளிடம் ஒரே தப்புகள் இருந்தால், இரண்டும் எங்கோ ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவை.

அதிலும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. என்று ஒன்று உண்டு. அது தாயிடமிருந்து மட்டும் வரும். என் அம்மாவிடமிருந்து எனக்கு, என் மகளுக்கு, இதோ தட்டச்சு செய்கிற இவளுக்கு. என் மகனுக்கும் கொடுத்திருக்கிறேன், ஆனால் அவனோடு நின்றுவிடும். கரையேறி முட்டையிடுவது பெண் ஆமைதானே! எந்தத் தாய் வழி எந்தக் கரையில் ஏறுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல நோட்டு கிடையாது. செத்து ஒதுங்கிய ஆமையின் சிறு தசைத் துண்டு போதும்.

ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் இந்த வேலையைச் செய்தார்கள். நம் நாட்டில் டி.என்.ஏ. கைரேகை முறையைக் கொண்டுவந்த லால்ஜி சிங், ஆர்.கே. அகர்வால், இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் பி.சி. சௌத்ரி, சென்னையில் மாணவராக இருந்தபோதே இரவெல்லாம் ஆமை பார்க்க நடந்த கார்த்திக் சங்கர் முதலானவர்கள். 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். இந்தியாவின் கிழக்குக் கரை ஆமைகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்த ஒரே கூட்டம். நூற்றுக்கு 96 ஆமைகள் 'கே' என்று அவர்கள் பெயரிட்ட ஒரே தாய்வழிக் கிளை. பக்கத்தில் இருக்கிற இலங்கை ஆமைகள்கூட இதிலிருந்து வேறுபட்டவை! உலகின் மற்றக் கடல்களில் உள்ள இந்த இன ஆமைகளுக்கே நம் பக்கத்துக் கிளைதான் மூலமாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

ஆகவே, தம்பி, விசைப்படகுக்காரனே, நீ சொன்னது பாதி சரி. அது ஒடிசா ஆமைதான். நம்ம ஆமையும் அதுதான். அங்கே கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் லட்சக்கணக்கில் ஏறுவதும், இங்கே மூர்த்திக்குப்பம், மணப்பட்டு மணலில் ஒன்றிரண்டாக ஏறுவதும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துக்காக ஒடிசா மீனவர்கள் தாம்ரா, தேவி, ருஷிகுல்யா முகத்துவாரங்களில் நவம்பர் முதல் மே வரை ஏழு மாதம் 20 கி.மீ. வரை வலை போடாமல் இருக்கிறார்கள். நமக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. ஆமை வருவதோ தையிலிருந்து பங்குனி வரை. தடைக்காலம் தொடங்கும்போது அது முட்டையிட்டு முடித்துவிடுகிறது, இல்லையென்றால் செத்துவிடுகிறது. 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் ஆயிரத்துக்கும் மேல் ஒதுங்கியதாகச் செய்தி வந்ததே, அது எந்த மாநிலத்தின் கணக்கு?

இனி சித்தப்பா மகனுக்கு. நீங்கள் சொல்வதைத்தான் நாளைக்கு அதிகாரிகளும் சொல்வார்கள் என்று எனக்குப் பயம். எல்லாம் ஒரே கூட்டம் என்றால் மணப்பட்டு கரை போனால் என்ன, கட்டடம் வரட்டும், விளக்கு வரட்டும் என்பார்கள். ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. இரண்டு கரைகளின் மரபணு ஒன்றுபோல இருக்கத் தலைமுறைக்கு ஓரிரு ஆமைகள் மாறி ஏறினாலே போதும். தலைமுறைக்கு ஓரிரண்டு வந்தால் இங்கே செத்தவற்றின் இடம் நிரம்புமா? ஒரு குஞ்சு முட்டையிடும் வயதுக்கு வரப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. நம் தெருவில் எல்லோரும் சொந்தம்தான். அதற்காக ஒரு வீடு காலியானால் மறுநாளே கடலூரிலிருந்து சொந்தக்காரர் வந்து குடியேறிவிடுவாரா?

என் பக்கமும் ஒரு தப்பு இருக்கிறது. "ஆமை தான் பிறந்த அதே இடத்துக்குத் திரும்பி வரும்" என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். நீங்களும் எழுதி மார்க் வாங்கினீர்கள். பெரும்பாலும் பிறந்த பக்கத்துக்கு வரும், சில கரை மாறும் என்று திருத்திக்கொள்ளுங்கள். மார்க்கைக் குறைக்க மாட்டேன்.

படகில் போகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி, கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். ஆமைக்கு நுரையீரல், மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். இழுவலையில் மணிக்கணக்கில் மாட்டினால் மூழ்கித்தான் சாகும். வலையில் ஆமை விலக்கு கருவி வைத்தால் மீனும் கொஞ்சம் போய்விடும் என்கிறீர்கள். ஒரு பாட்டில் எவ்வளவு போகும்? ரூபாய்க் கணக்கில் சொல்லுங்கள். அந்த நஷ்டத்தை அரசு ஈடுகட்ட வேண்டும் என்று நானே உங்களோடு வந்து மனுவில் கையெழுத்துப் போடுகிறேன்.

பட்டை கட்டிய ஆமை கண்ணில் பட்டால் பட்டையைக் கழற்றாதீர்கள். எண்ணைப் போட்டோ எடுத்து வனத்துறைக்கு அனுப்பி, எனக்கும் அனுப்புங்கள். இந்தத் தை பிறந்ததும் நானும் பேத்தியும் விடிகாலையில் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகிறோம். வருகிறவர்கள் வாருங்கள், டார்ச் வேண்டாம். முட்டிவலி இருப்பதால் நான் மெதுவாகத்தான் நடப்பேன்.